ஒரு திருத்தம்: 'த ஜிங்ஸ்' பற்றி நாங்கள் போட்ட பதிவு



இரண்டு கிழமைக்கு முன் இதே பக்கத்தில் 'த ஜிங்ஸ்' என்ற அமெரிக்க ஆவணத் தொடரைப் பற்றி ஒரு சிறு பதிவு போட்டிருந்தோம். வழமையாக நாங்கள் போடும் பாடக் குறிப்புகளை விட அதைப் பலர் வாசித்தார்கள், பலர் பகிர்ந்தார்கள். வட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றி, கடைசியில் எங்கள் பாடசாலைக் குழுவுக்கே திரும்பி வந்து சேர்ந்தது. அதில் ஒரு பிழை இருக்கிறது. எங்களிடம் படித்து இப்போது சட்டம் படிக்கும் ஒரு பிள்ளைதான் அதைச் சுட்டிக்காட்டினார். "டீச்சர், அந்த ரெண்டு வசனமும் அடுத்தடுத்து வரல்ல. ஒருக்கா தேடிப் பாருங்க" என்று மட்டும் எழுதியிருந்தார்.

தேடிப் பார்த்தோம். பிள்ளை சொன்னது சரி.

பழைய பதிவை அழித்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஏன் அப்படிச் செய்யவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்த நீண்ட பதிவு. தொடரைப் பார்க்காதவர்களும் இருப்பீர்கள் என்பதால் கதையை முதலிலிருந்து சொல்கிறோம்.

ரொபர்ட் டேர்ஸ்ட் 1943-ல் பிறந்தவர். நியூயோர்க்கில் வானுயர்ந்த கட்டடங்களைச் சொந்தமாக வைத்திருக்கும் டேர்ஸ்ட் குடும்பத்தின் மூத்த மகன். ஏழு வயதில் தாய் வீட்டுக் கூரையிலிருந்து விழுந்து இறந்துபோனார். வளர்ந்த பிறகு தகப்பன் சேமூர் டேர்ஸ்ட், குடும்ப வியாபாரத்தை இவரிடம் கொடுக்காமல் தம்பி டக்ளஸிடம் கொடுத்தார். அது 1994-ல் நடந்தது. அதற்குப் பின் அண்ணன் தம்பி உறவு முறிந்துபோனது. பல வருட இழுபறிக்குப் பிறகு குடும்பச் சொத்திலிருந்து ஏறத்தாழ 65 மில்லியன் டொலர் கொடுத்து இவரை விலக்கிவிட்டார்கள்.

இவருடைய மனைவி கெத்லீன், கெத்தி என்று கூப்பிடுவார்கள். 1973-ல் திருமணம். 1982 ஜனவரி 31 ஞாயிற்றுக்கிழமை கெத்தி காணாமல் போனார். அப்போது அவருக்கு வயது 29. நியூயோர்க்கில் மருத்துவக் கல்லூரியின் கடைசி வருடம். பட்டம் கிடைக்க இன்னும் சில மாதங்கள்தான். அதற்குச் சில வாரங்களுக்கு முன்தான் முகத்தில் காயங்களோடு வைத்தியசாலைக்குப் போயிருந்தார். காணாமல் போன அன்று ஒரு தோழியின் வீட்டு விருந்துக்குப் போய்விட்டு, கணவர் இருந்த கிராமத்து வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார். அதற்குப் பின் அவர் எங்கே போனார் என்பதற்குக் கணவரின் வாய் வார்த்தை தவிர வேறு சாட்சி இல்லை.

கணவர் பொலிஸுக்குப் போனது ஐந்து நாள் கழித்து. மனைவியை ரயில் ஏற்றிவிட்டேன், பக்கத்து வீட்டாரோடு சிறிது நேரம் இருந்தேன், இரவில் மனைவியோடு தொலைபேசியில் பேசினேன் என்று சொன்னார். பொலிஸ் அதை நம்பி மன்ஹற்றன் பக்கமே தேடிக்கொண்டிருந்தது. மறுநாள் கெத்தியின் கல்லூரிப் பீடாதிபதிக்கு ஒரு பெண் அழைப்பெடுத்து, தான் கெத்தி என்றும் உடம்பு சரியில்லை, இன்று வரமாட்டேன் என்றும் சொல்லியிருந்தார். அதனால் கெத்தி நகரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார் என்றே எல்லோரும் எண்ணினார்கள். அந்தக் குரல் கெத்தியுடையது அல்ல, டேர்ஸ்டின் நெருங்கிய சிநேகிதி சூசன் பேர்மனுடையது என்பது பின்னாளில் அரச தரப்பு நீதிமன்றத்தில் வைத்த வாதம்.

கெத்தியின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. 1990-ல் டேர்ஸ்ட், மனைவி தன்னைக் கைவிட்டுப் போய்விட்டார் என்று காரணம் காட்டி விவாகரத்துப் பெற்றுக்கொண்டார். காணாமல் போனவரைக் குற்றவாளியாக்கி எழுதிய அந்தக் காரணத்தைக் கேட்டபோது, தொடரைச் சற்று நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தோம்.

2000-ம் ஆண்டு கெத்தி வழக்கை மீண்டும் கிளறத் தொடங்கினார்கள். அந்த வருடம் டிசம்பர் 24 அன்று சூசன் பேர்மன் லொஸ் ஏஞ்சலிஸில் தன் வீட்டில் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார். தலையின் பின்பக்கத்தில் ஒரு வெடி. அதையடுத்து பெவர்லி ஹில்ஸ் பொலிஸுக்குத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. பெயர் இல்லை, கையொப்பம் இல்லை. சூசனின் வீட்டு விலாசமும், 'பிணம்' என்ற அர்த்தம் வரும் ஓர் ஆங்கிலச் சொல்லும் மட்டும் பெரிய எழுத்துகளில் எழுதப்பட்டிருந்தன.

அதற்கு அடுத்த வருடம் டேர்ஸ்ட் டெக்சாஸ் மாநிலத்தில் கல்வெஸ்டன் என்ற கடற்கரை நகரத்தில் மலிவான வாடகை வீடொன்றில், பேசமுடியாத ஒரு பெண்ணாக வேடமிட்டு ஒளிந்திருந்தார். 2001 செப்டெம்பர் இறுதியில் பக்கத்து அறை வயோதிபர் மொரிஸ் பிளக்கின் உடல் துண்டு துண்டாகக் கடலில் மிதந்தது. தலை மட்டும் கிடைக்கவேயில்லை. டேர்ஸ்ட் கைதானார். பெருந்தொகைப் பிணை. அதைக் கட்டிவிட்டு ஓடிப்போனார். ஏழு கிழமை கழித்துப் பென்சில்வேனியாவில் பிடிபட்டார். எப்படி? ஒரு சுப்பர் மார்க்கெட்டில் கோழி சாண்ட்விச் ஒன்றைத் திருடப் போய். அப்போது அவருடைய சட்டைப்பையில் 500 டொலர் இருந்தது.

2003-ல் வழக்கு. டெக்சாஸின் மிகப் பிரபலமான சட்டத்தரணிகளை அமர்த்தினார். தற்பாதுகாப்புக்காகப் போராடியபோது துப்பாக்கி வெடித்துவிட்டது, பயந்துபோய் உடலை வெட்டி அப்புறப்படுத்தினேன் என்பது அவருடைய வாக்குமூலம். உடலை வெட்டியதை அவரே ஒத்துக்கொண்டார். ஆனால் தலை கிடைக்காததால் வெடி எந்தப் பக்கமிருந்து எப்படிப் பாய்ந்தது என்று யாராலும் காட்ட முடியவில்லை. ஜூரி அவரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. முன்னிருந்த சமூகங்களில் உயர்குலத்தவன் திருடினால் விட்டுவிடுவார்கள், எளியவன் திருடினால் தண்டிப்பார்கள், அதனால்தான் அவர்கள் அழிந்தார்கள் என்ற கருத்தில் வரும் நபிமொழியை ஜும்ஆவில் எத்தனையோ தடவை கேட்டிருப்போம். இந்த மனிதர் விஷயத்தில் அது எப்படி நடக்கிறது என்று கண்முன் பார்த்தோம். யாரும் இலஞ்சம் வாங்கியதாகத் தெரியவில்லை. பணம் செய்த வேலை வேறு. நல்ல சட்டத்தரணியை வாங்கியது, ஒளிந்துகொள்ள வீடு வாங்கியது, எல்லாவற்றுக்கும் மேலாகக் காலத்தை வாங்கியது. சாட்சிகள் கிழவர்களாகும் வரைக்கும், சிலர் மௌத்தாகும் வரைக்கும் காலம்.

இனித் தொடருக்கு வருகிறோம்.

அன்ட்ரூ ஜரெக்கி என்ற இயக்குநர் இந்தக் கதையை வைத்து 2010-ல் ஒரு சினிமாப் படம் எடுத்தார். அதைப் பற்றி அறிந்த டேர்ஸ்ட் தானாகவே அவருக்கு அழைப்பெடுத்து, என்னைப் பேட்டி எடுங்கள் என்று சொன்னார். சட்டத்தரணிகள் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. இருபது மணித்தியாலத்துக்கும் மேல் கமெராவுக்கு முன்னால் உட்கார்ந்து பேசினார். அதில் 1982-ல் பொலிஸுக்குச் சொன்ன சில விஷயங்கள் பொய் என்று சர்வ சாதாரணமாக ஒத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்குப் போனதும் பொய், தொலைபேசியில் பேசியதும் பொய். அப்படிச் சொன்னால் என்னை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன் என்றார்.

இந்தத் தொடரில் இரண்டு ஆதாரங்கள் வருகின்றன. ஒன்று கண்ணால் பார்ப்பது, மற்றது காதால் கேட்பது.

முதலாவது, ஒரு கடித உறை. சூசனின் வளர்ப்பு மகன் பழைய பெட்டிகளைத் தேடும்போது, 1999-ல் டேர்ஸ்ட் சூசனுக்கு எழுதிய ஒரு கடிதம் அகப்பட்டது. அதன் உறையில் விலாசம் பெரிய எழுத்துகளில் எழுதப்பட்டிருந்தது. 'பெவர்லி' என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசி எழுத்துக்கு முன் தேவையில்லாத ஓர் 'ஈ' சேர்க்கப்பட்டிருந்தது. கொலைக்குப் பின் பொலிஸுக்கு வந்த பெயரில்லாக் கடிதத்திலும் அதே இடத்தில் அதே 'ஈ'. எழுத்தின் சாய்வும் வடிவமும் கூட ஒன்றுபோல.

அந்தப் பெயரில்லாக் கடிதத்தைப் பற்றி முன்னைய பேட்டியில் டேர்ஸ்டே ஒரு விஷயம் சொல்லியிருந்தார். கொலைகாரனைத் தவிர வேறு யாரும் எழுதியிருக்க முடியாத கடிதம் அது என்று. அதைச் சொன்னபோது இந்த உறை இருப்பது அவருக்கு ஞாபகமில்லை. பிறகு ஜரெக்கி இரண்டு எழுத்தையும் பெரிதாக்கி அவர் முன் வைத்து, இதில் நீங்கள் எழுதாதது எது என்று கேட்டார். டேர்ஸ்டுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கண்ணைச் சிமிட்டினார், ஏப்பம் விட்டார், தலையைக் கையில் புதைத்தார்.

இரண்டாவது ஆதாரம் அதற்குப் பிறகு வருகிறது. பேட்டி முடிந்து குளியலறைக்குப் போகிறார். சட்டையில் மாட்டியிருந்த ஒலிவாங்கியைக் கழற்ற மறந்துவிடுகிறார். உள்ளே தனக்குத்தானே முணுமுணுப்பது பதிவாகிறது. தொடரின் கடைசி நிமிடத்தில், கறுப்புத் திரையின் மேல் அந்தக் குரல் கேட்கும். நான் என்னதான் செய்தேன் என்று ஒரு கேள்வி. எல்லோரையும் கொன்றேன், வேறென்ன என்று ஒரு பதில். அத்தோடு தொடர் முடிந்துவிடும். அந்தக் கடைசிப் பாகம் 2015 மார்ச் 15 இரவு ஒளிபரப்பானது. அதற்கு முதல் நாள்தான் டேர்ஸ்ட் நியூ ஓர்லியன்ஸில் ஒரு ஹோட்டலில், பொய்ப் பெயரில் தங்கியிருந்தபோது கைது செய்யப்பட்டார். துப்பாக்கி ஒன்றும், முகமூடி ஒன்றும், நாற்பதாயிரம் டொலருக்கு மேற்பட்ட காசும் கூடவே பிடிபட்டன.

எங்கள் பழைய பதிவில் எழுதியது இந்தக் குளியலறைக் காட்சியைத்தான். "மனிதன் தன்னைத்தானே கேட்டுத் தானே பதில் சொன்னான், அல்லாஹ் அவன் நாவாலேயே அவனைச் சாட்சியாக்கினான்" என்று எழுதியிருந்தோம். எழுதும்போது எங்களுக்கே மெய்சிலிர்த்தது. அந்த வரியைத்தான் நீங்கள் அதிகம் பகிர்ந்தீர்கள்.

இனிப் பிழை. 2019-ல் அந்த ஒலிப்பதிவின் முழு எழுத்துப்பிரதி நீதிமன்ற ஆவணங்களின் வழியாக வெளியில் வந்தது. டேர்ஸ்ட் உண்மையில் முணுமுணுத்த வரிசை தொடரில் கேட்ட வரிசை அல்ல. எல்லோரையும் கொன்றேன் என்ற அர்த்தம் வரும் வசனம் முன்னாலேயே வருகிறது. அதற்குப் பின் தொடர்பில்லாத வேறு பேச்சு. அவன் சொன்னது சரி, நான் பிழை என்கிறார். ஏப்பம் விட்டதைப் பற்றி ஏதோ சொல்கிறார். இவ்வளவுக்கும் பிறகுதான் நான் என்னதான் செய்தேன் என்பது வருகிறது. அதாவது கேள்வி பின்னால், 'பதில்' முன்னால். இரண்டையும் வெட்டியெடுத்து, இடம்மாற்றி, ஒட்டியிருக்கிறார்கள். தயாரித்தவர்கள் தரப்பு, அவர் சொன்னதன் சாரம் மாறவில்லை என்றது. டேர்ஸ்ட் நீதிமன்றத்தில், எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள் என்று மனதில் ஓடியதில் பாதிதான் வாயில் வந்தது என்றார்.

டேர்ஸ்ட் சொன்னதை நாங்கள் நம்பவில்லை. ஆனால் முழு வரிசையை வாசிக்கும்போது, அப்படியும் ஒரு அர்த்தம் எடுக்க இடம் இருக்கிறது. வெட்டி ஒட்டிய வரிசையில் அந்த இடமே இல்லை. சாரம் மாறியதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் கேட்பவர்கள். அந்த வாய்ப்பை எங்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்தது தெரியாமலே நாங்கள் மெய்சிலிர்த்தோம்.

இதைப் பற்றி வீட்டில் இரண்டு இரவு விவாதித்தோம். எங்கள் வீட்டில் இருவரும் ஆசிரியர்கள் என்பது தெரிந்ததுதானே. எங்களில் ஒருவர் சொன்னது இது: மனிதன் கொலைகாரன் என்பது நீதிமன்றத்தில் நிரூபணமாகிவிட்டது. இரண்டு வசனத்தை இடம்மாற்றியதால் ஒரு நிரபராதிக்கு அநியாயம் நடந்துவிடவில்லை. பிறகு எதற்கு இவ்வளவு யோசனை? மற்றவர் சொன்னது: குற்றவாளிக்கு எதிராகச் சொன்னாலும் பொய்ச் சாட்சி பொய்ச் சாட்சிதான். சாட்சி சொல்பவர் பார்ப்பது தான் கேட்டதைக் கேட்டபடி சொன்னேனா என்பதை. குற்றம் செய்தவர் யார் என்பது நீதிபதியின் வேலை.

இரண்டாமவர் சொன்னதற்கு எங்களுக்கு உதாரணம் வெளியில் தேட வேண்டியதில்லை. இமாம் புகாரி பக்தாதுக்கு வந்தபோது நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவம் மத்ரஸா பிள்ளைகளுக்கும் தெரியும். அங்கிருந்த அறிஞர்கள் அவரைச் சோதிக்க நூறு ஹதீஸ்களை எடுத்து, ஒன்றின் அறிவிப்பாளர் வரிசையை இன்னொன்றின் வாசகத்தோடு மாற்றிப் பொருத்தி, பத்துப் பேரிடம் பத்துப் பத்தாகக் கொடுத்துக் கேட்க வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் இமாம், இதை நான் அறியேன் என்றே பதில் சொன்னார். எல்லோரும் கேட்டு முடிந்த பிறகு, நூறையும் அதனதன் இடத்தில் திருப்பி வைத்துக் காட்டினார். சோதித்தவர்கள் பொய்யான வாசகம் எதையும் இட்டுக்கட்டவில்லை. வரிசையை மட்டும்தான் மாற்றினார்கள். அதற்கே அவர் அறியேன் என்றார். வரிசை புரண்ட அறிவிப்புக்கு ஹதீஸ் கலையில் மக்லூப் என்று தனிப் பெயர் உண்டு, பலவீனமானவற்றோடு சேர்த்துத்தான் அதை எண்ணுவார்கள். இதையெல்லாம் வகுப்பில் பாடம் நடத்துபவர்கள் நாங்கள். ஒரு தொலைக்காட்சித் தொடரின் கடைசி நிமிடத்தில் அது மறந்துபோனது.

இன்னொன்றும் இருக்கிறது. இது தொடரைப் பற்றியதல்ல, எங்களைப் பற்றியது. எங்களில் யார் என்பதை விட்டுவிடுங்கள், ஒரு வீட்டில் இரண்டு ஆசிரியர்கள் இருந்தால் பிழையும் பொதுச் சொத்துத்தான்.

சில வருடங்களுக்கு முன் பத்தாம் வகுப்பு வரலாற்று விடைத்தாள் திருத்தும்போது, கோல்புறூக் சீர்திருத்தம் நடந்த வருடத்தை இரண்டு பிள்ளைகள் 1883 என்று எழுதியிருந்தார்கள். சரியான விடை 1833. இருவரும் முன்னும் பின்னும் இருந்தவர்கள். சரியான விடை ஒன்றாக இருந்தால் அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை, சரி எல்லோருக்கும் ஒன்றுதான். பிழை ஒன்றாக இருந்தால் பார்த்தெழுதியது என்று அர்த்தம். விடைத்தாள் திருத்துகிற எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது. பின்னால் இருந்த பிள்ளையை வகுப்புக்கு முன் எழுப்பிக் கேட்டோம். "நான் பாத்து எழுதல்ல டீச்சர்" என்று ஒரே பேச்சுத்தான் சொன்னது. நம்பவில்லை. அந்த விடைக்கு மட்டுமல்ல, அந்தப் பகுதிக்கே புள்ளி போடவில்லை.

பின்னேரம் மற்ற விடைத்தாள்களைத் திருத்தும்போது இன்னும் நான்கு பேர் 1883 என்று எழுதியிருந்தார்கள். அடுத்த நாள் கொப்பிகளை வாங்கிப் பார்த்தோம். பிள்ளைகளின் கொப்பிகளில் 1883. பிழை எங்கள் கரும்பலகையிலிருந்து போயிருந்தது.

புள்ளியைத் திருத்திக் கொடுத்தோம். அந்தப் பிள்ளையை ஆசிரியர் ஓய்வறைக்குக் கூப்பிட்டு மன்னிப்பும் கேட்டோம். பிள்ளை தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டது. அந்த வருடம் முழுக்க வகுப்பில் அது கை உயர்த்தவில்லை. வெகு காலம் கழித்துத்தான் எங்களுக்கு விளங்கியது. கள்ளி என்று சொன்னது நாற்பது பேருக்கு முன்னால். மன்னிப்புக் கேட்டது யாருமில்லாத ஓர் அறையில். அந்த நாற்பது பேருக்கும் அந்தப் பிள்ளை பார்த்தெழுதியதாகத்தான் இன்றைக்கும் ஞாபகம் இருக்கும்.

அதனால்தான் பழைய பதிவை அழித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. பிழையைச் சொன்ன இடத்தில்தான் திருத்தத்தையும் சொல்ல வேண்டும்.

டேர்ஸ்டுக்காக நாங்கள் வாதாடுவதாக யாரும் நினைக்க வேண்டாம். அந்த 'ஈ' எழுத்தும் தனியாக நின்றிருந்தால் போதாது என்பதை 1883 எங்களுக்குப் படிப்பித்திருக்கிறது. பெவர்லி என்ற பெயரை அப்படி எழுதுகிறவர்கள் உலகத்தில் வேறும் இருக்கிறார்கள். ஆனால் இங்கே எழுத்துப் பிழையோடு கையெழுத்தும் சேர்ந்தது. எழுதியவர் கொலைகாரனாகத்தான் இருக்க முடியும் என்ற அவருடைய சொல்லும் சேர்ந்தது. கடைசியில் 2019 டிசம்பரில் அவருடைய சட்டத்தரணிகளே, அந்தப் பெயரில்லாக் கடிதத்தை எழுதியவர் டேர்ஸ்ட்தான் என்று நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டார்கள். அதுவரை அவர் பல வருடங்களாக மறுத்து வந்தது அது. போனேன், சூசன் இறந்து கிடந்ததைப் பார்த்தேன், உடல் கண்டெடுக்கப்பட வேண்டும் என்று எழுதினேன் என்று கதையை மாற்றினார். நீங்கள் கொன்றிருந்தால் அதை எங்களிடம் சொல்வீர்களா என்று அரச தரப்பு கேட்டதற்கு, இல்லை என்றும் சாட்சிக் கூண்டிலிருந்தே சொன்னார். வழக்கு 2020 மார்ச்சில் தொடங்கி, கொரோனாவால் ஒரு வருடத்துக்கு மேல் நின்று, 2021 செப்டெம்பர் 17 அன்று முடிந்தது. சூசன் பேர்மன் கொலையில் குற்றவாளி. ஒக்டோபரில் ஆயுள் தண்டனை.

உலகத்துக்கு ஞாபகம் இருப்பது குளியலறைக் குரல். விடைத்தாள் திருத்துபவர்களாகிய எங்களுக்கு ஞாபகம் இருந்திருக்க வேண்டியது கடித உறை. அது வெட்டி ஒட்டாதது. யார் வேண்டுமானாலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதில் பின்னணி இசை இல்லை, மெய்சிலிர்ப்பு இல்லை. அதனால்தான் எங்கள் பதிவில் அது ஒரு வரியாகக் கூட வரவில்லை.

இன்னொரு கணக்கும் எங்களிடம் உண்டு. தொடரைப் பார்த்து முடித்த இரவில் எங்களுக்கு டேர்ஸ்டின் கண் சிமிட்டல் தெரிந்திருந்தது. எந்தச் சாண்ட்விச்சைத் திருடினார் என்று தெரிந்திருந்தது. கெத்தி என்ன படித்துக்கொண்டிருந்தார், எத்தனை மாதத்தில் டொக்டர் ஆகியிருப்பார் என்பதைத் திரும்பப் போய்ப் பார்த்துத்தான் எழுத வேண்டியிருந்தது. தோழிகள் அந்தக் காலத்திலேயே அவர் கணவர் வீட்டுக் குப்பைப் பையைக் கிளறித் தடயம் தேடியிருக்கிறார்கள். பொலிஸ் சரியாகத் தேடாத காலத்தில் தேடியவர்கள் அவர்கள். எங்கள் பழைய பதிவில் கெத்தியின் பெயரே இல்லை. 'முதல் மனைவி' என்று எழுதியிருந்தோம். இதையும் பிழையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

2021 நவம்பரில்தான், காணாமல் போய் ஏறத்தாழ நாற்பது வருடம் கழித்து, கெத்தியைக் கொன்றதாக நியூயோர்க்கில் டேர்ஸ்ட் மீது குற்றச்சாட்டுப் பதிவானது. 2022 ஜனவரி 10 அன்று, 78 வயதில், கைதியாகவே வைத்தியசாலையில் டேர்ஸ்ட் இறந்துபோனார். கெத்தியின் வழக்கு ஒரு நாளும் விசாரிக்கப்படவில்லை. சூசன் வழக்கிலும் மேன்முறையீடு முடியாத நிலையில்தான் இறந்தார். மேன்முறையீடு முடியுமுன் ஆள் இறந்தால் தீர்ப்பும் இல்லாமல் போய்விடும் என்பது கலிபோர்னியச் சட்டம். அப்படிப் பார்த்தால் சட்டக் கணக்கில் அவர் தண்டனை பெற்ற குற்றவாளியாகக் கூட மிஞ்சவில்லை. பணத்தால் வாங்கிய காலம் கடைசி வரை அவருக்கு வேலை செய்திருக்கிறது. மறுமை என்று ஒன்று இருப்பதில் நம்பிக்கையில்லாதவர்கள் இந்தக் கதையை எப்படி முடித்துக்கொள்கிறார்கள் என்று எங்களுக்கு விளங்கவில்லை. எங்களுக்கு அது இருக்கிறது. ஆனால் அந்த நீதிமன்றத்தில் டேர்ஸ்டிடம் மட்டும் விசாரணை நடக்கப் போவதில்லை. கேட்டதை எல்லாம் அப்படியே பரப்பியவர்களிடமும் நடக்கும். ஒரு செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் என்ற கட்டளை சூரா ஹுஜுராத்தில் இருக்கிறது. கொண்டுவந்தவர் கெட்டவர் என்றால் எச்சரிக்கையாகத்தான் இருப்போம். நல்ல நோக்கத்தோடு, நல்ல இசையோடு வரும்போதுதான் எங்கள் எச்சரிக்கை தளர்ந்துபோகிறது.

ஆகவே திருத்தம் இதுதான். ரொபர்ட் டேர்ஸ்ட் தன்னைத்தானே கேட்டுத் தானே பதில் சொன்னார் என்று நாங்கள் எழுதியது பிழை. அந்த இரண்டு வசனமும் அந்த வரிசையில் சொல்லப்படவில்லை. அவர் சூசன் பேர்மனைக் கொன்றார் என்று ஜூரி தீர்ப்பளித்தது சரி. காணாமல் போன மனைவியின் பெயர் கெத்லீன் மெக்கோர்மக் டேர்ஸ்ட். மருத்துவ மாணவி.

பழைய பதிவைப் பகிர்ந்தவர்கள் இதையும் அதே குழுக்களில் பகிர்ந்துவிடுங்கள். நீளமாக இருக்கிறது என்று தெரியும். முன்னையதைப் போல மெய்சிலிர்க்காது என்றும் தெரியும். இருந்தாலும் பகிருங்கள்.

1883 என்று எழுதிய அந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் உள்பெட்டியில் சொல்ல வேண்டாம். பெயர் குறிப்பிட்டுக் கேட்பதும் இன்னொரு தொல்லையாகிவிடும். இந்தப் பக்கத்தை அது வாசிக்கக்கூடும். அந்த வகுப்பில் இருந்த மற்றவர்களும் வாசிப்பீர்கள். நாற்பது பேருக்கும் சொல்கிறோம்: அந்தப் பிள்ளை பார்த்தெழுதவில்லை. பிழை எங்களுடையது.

இதிலும் ஏதும் தவறு இருந்தால் சொல்லுங்கள். திருத்திக்கொள்கிறோம்.

வஸ்ஸலாம்.